கோப்புகளை எழுத்தாக்கி அனுப்புதல்: உறை வேறு, பூட்டு வேறு

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் புகைப்படங்கள், முறைப்பாட்டுப் பிரதிகள், காணி உறுதிகள், முகாம் பதிவுகள் எனப் பல குடும்பங்களின் ஆவணங்கள் இன்று ஸ்கான் செய்யப்பட்டு, வெளிநாட்டு உறவினருக்கும் சட்டத்தரணிகளுக்கும் மின்னஞ்சலில் செல்கின்றன. அவை எந்த வடிவில் பயணிக்கின்றன என்பதை அறிந்திருப்பது பயனுள்ளது.

ஆரம்பகால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டது. அது பயன்படுத்திய அஸ்கி அட்டவணையில் 128 குறிகளே இருந்தன. படத்தையோ ஒலிப்பதிவையோ அப்படியே அனுப்பினால் வழியில் சிதைந்துவிடும். இதற்குத் தீர்வாக 1980இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மேரி ஆன் ஹோர்ட்டன் ‘யூயூஎன்கோட்’ என்ற கட்டளை நிரலை எழுதினார். அது எந்தக் கோப்பையும் சாதாரண எழுத்துகளாக மாற்றும். பெறுபவர் ‘யூயூடிகோட்’ மூலம் பழையபடி மீட்டெடுப்பார். 1992இல் வெளியான ‘மைம்’ நியமம் ‘பேஸ்64’ முறையைக் கொண்டுவந்தது. மின்னஞ்சல் இணைப்புகள் இன்றும் பெரும்பாலும் இம்முறையிலேயே செல்கின்றன.

பேஸ்64 முறை, 3 பைற்றுகளை எடுத்து 4 எழுத்துகளாக எழுதுகிறது. அதனால் கோப்பின் அளவு மூன்றிலொரு பங்கு கூடும். 15 மெகாபைற் கோப்பு ஏறத்தாழ 20 மெகாபைற் ஆகும். யுனிகோட்டின் யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைற்றுகள் கொண்டது. ‘அ’ என்பதை மாற்றினால் 4, கே, 6, எஃப் என்ற நான்கு குறிகள் கிடைக்கும்.

லினக்ஸ் கணினியில் ‘பேஸ்64’ கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால் மாற்றலாம். ‘டி’ தெரிவைச் சேர்த்தால் மீளப் பெறலாம். விண்டோஸில் ‘சேர்ட்யூட்டில்’ கட்டளையின் ‘என்கோட்’, ‘டிகோட்’ தெரிவுகள் அதே வேலையைச் செய்யும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை ஏற்படக்கூடும். மாற்றிய கோப்பு புரியாத எழுத்துக் குவியலாகத் தெரிவதால், அது பாதுகாப்பானது என்று எண்ணிவிடுகிறோம். அப்படியல்ல. இது வெறும் உறை. சாவி எதுவும் இல்லை. யார் கையில் அகப்பட்டாலும் ஒரே கட்டளையில் பிரித்துப் படிக்கலாம். சாட்சியொருவரின் பெயரோ முகவரியோ உள்ள ஆவணத்துக்கு இது போதாது.

பூட்டுவதற்கு மறைகுறியாக்கம் வேண்டும். ‘ஜிபிஜி’ கட்டளையை ‘சி’ தெரிவுடன் கொடுத்தால், கடவுச்சொல் கேட்டுக் கோப்பைப் பூட்டும். ‘ஆர்மர்’ தெரிவையும் சேர்த்தால் பூட்டிய கோப்பை எழுத்து வடிவிலேயே தரும். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது; நேரிலோ வேறு வழியிலோ சொல்ல வேண்டும். அதை மறந்தால் கோப்பைத் திறக்க முடியாது என்பதால், பூட்டாத மூலப் பிரதியைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருங்கள்.

கோப்பு சிதையாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, லினக்ஸில் ‘ஷா256சம்’ கட்டளை உதவும். விண்டோஸில் சேர்ட்யூட்டிலின் ‘ஹாஷ்ஃபைல்’ தெரிவுடன் ‘ஷா256’ என்று குறிப்பிட வேண்டும். இரு பக்கத்திலும் வரும் 64 குறிகளும் ஒன்றாக இருந்தால், அனுப்பிய ஆவணம் மாறாமல் கிடைத்திருக்கிறது. இரண்டாவது பிரதி எடுக்க முடியாத ஆவணங்களுக்கு இந்தச் சரிபார்ப்பு மிக அவசியம்.