சிறு காயங்களுக்கான கட்டு

காயக் கட்டு என்பது தோலில் ஏற்பட்ட காயத்தின் மேல் நேரடியாகப் படும்படி வைக்கும் மூடுபொருள். அதை நகராமல் பிடித்து நிற்கும் சுற்றுத்துணியும் டேப்பும் தனி. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் சேர்த்துக் 'கட்டு' என்றே சொல்கிறோம். அரிவாள்மனை கீறிய விரல், வண்டி சறுக்கித் தேய்ந்த முழங்கால், புதுச் செருப்பு கடித்த குதிகால், குக்கர் ஆவி பட்ட மணிக்கட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பிளாஸ்திரி பொருந்தாது. எது பொருந்தும் என்பதைக் காயத்தின் அளவைவிட அதில் கசியும் நீரே முடிவு செய்கிறது. உலர்ந்த காயத்துக்கு ஈரம் காக்கும் கட்டு வேண்டும்; ஒழுகும் காயத்துக்கு உறிஞ்சும் கட்டு வேண்டும்.

ஈரத்தின் பங்கு

'காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும்' என்பது வீடுதோறும் கேட்கும் அறிவுரை. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மற்றவற்றைத் திறந்து விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. மறு ஆண்டே மனிதத் தோலிலும் இப்போக்கு உறுதியானது. புதுத்தோல் செல்கள் நகர்ந்துதான் காயத்தை மூடுகின்றன. ஈரப்பரப்பில் அவற்றுக்குத் தடையில்லை. பொருக்குத் தட்டிவிட்டாலோ அதன் அடியில் ஈரம் உள்ள ஆழம்வரை இறங்கி வழி தேட வேண்டியிருக்கிறது. ஆனால் ஈரம் வேறு, ஊறல் வேறு. சுற்றியுள்ள தோல் வெளுத்துச் சுருங்கினால் கட்டு போதிய அளவு உறிஞ்சவில்லை என்று பொருள்.

கட்டும் முன்

சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலான சிறு காயங்களில் இரத்தம் நின்றுவிடும். நடுவே எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் இரத்தம் மீண்டும் வரக் காரணம். பிறகு குடிக்கத் தகுந்த ஓடும் நீரில் மண் போகக் கழுவ வேண்டும். ஸ்பிரிட்டும், நீர் கலக்காத கிருமிநாசினியும் கிருமியோடு புதிய திசுவையும் சேர்த்தே அழிக்கின்றன. காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வேண்டாம். அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகே மருத்துவரால் காயத்தைப் பார்க்க முடியும்.

வகைகள்

நடுவில் பஞ்சுப் பட்டை வைத்த பிளாஸ்திரி சிறு வெட்டுகளுக்குப் போதும். 1920-இல் அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊழியர் எர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட மனைவி ஜோசஃபீனுக்காக ஒட்டுநாடாவில் காஸ் துண்டுகளை வைத்துச் செய்ததே பேண்ட்-எய்டின் தொடக்கம். விரலைச் சுற்றி இறுக்கி ஒட்டக் கூடாது. நுனி நீலம் பாய்ந்தால் உடனே தளர்த்த வேண்டும்.

தேய்ந்த சிராய்ப்புதான் வீட்டுக் கட்டுகளில் மிகவும் தவறாகக் கையாளப்படுவது. அகலமானது, நன்றாகக் கசிவது. அதன்மேல் வெறும் காஸை வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பிய்க்கும்போது வலியோடு புதுத்தோலும் உரிந்து வரும். பஞ்சு இன்னும் மோசம், இழைகள் காயத்திலேயே தங்கிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் பாரஃபின் பூசிய வலைத்துணியை முதலில் வைத்து, அதன்மேல் காஸை மடித்து வைத்து, மைக்ரோபோர் டேப்பால் ஒட்டுவதே நல்ல முறை. வலைத்துணி கிடைக்காவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசி மேலே காஸ் வைக்கலாம். ஒருநாளைக்கு ஒருமுறையும், நனைந்தாலோ அழுக்கானாலோ அப்போதே கட்டை மாற்ற வேண்டும். ஒட்டிப்போனால் சுத்தமான நீரில் ஊறவிட்டுப் பிரிக்க வேண்டும்.

செருப்புக் கடிக்கு ஹைட்ரோகொலாய்டு ஒட்டு ஏற்றது: கசிவை உறிஞ்சிக் களியாக மாறும், உராய்வையும் தாங்கும். சீழ் பிடித்த காயத்தில் அதை ஒட்டக் கூடாது.

தீக்காயமும் நாய்க்கடியும்

சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, இட்லி மாவு, பேனா மை ஆகியவை கேடு செய்யும். கொப்புளத்தை உடைக்காமல், ஒட்டாத கட்டைத் தளர்வாக வைப்பது போதும். உள்ளங்கையைவிடப் பெரிதாகவோ முகத்திலோ மூட்டிலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாய்க்கடிக்கு வீட்டில் கட்டே போடக் கூடாது. சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போக வேண்டியவை

வாய் பிளந்த வெட்டு, அழுத்தியும் நிற்காத இரத்தம், ஆணி குத்திய ஆழமான துளை, பரவும் சிவப்பு, துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவை வீட்டுக் கட்டின் எல்லையைத் தாண்டியவை. மண்ணோ சாணமோ பட்ட காயம் என்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் மீண்டும் போட வேண்டும். சுத்தமான காயத்துக்கு இந்த எல்லை 10 ஆண்டுகள். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எவ்வளவு சிறிய புண்ணானாலும் முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நரம்பு மரத்த காலில் வலி தெரியாது. கட்டுக்குள்ளேயே புண் ஆழமாகிக்கொண்டு போகும்.