33,330 அடியும் 27 உயிர்களும்

பத்திரிகைத் தொழிலில் எண்களுக்கு என்றுமே தனி மதிப்பு உண்டு. இத்தனை பேர் பலி, இத்தனை கோடி நட்டம், இத்தனை அடி உயரம் என்று தலைப்பில் ஓர் எண் ஏறிவிட்டால் செய்திக்குப் பாதிப் பலம் வந்துவிடும். உலகப் பத்திரிகைகள் பல தசாப்தங்களாகக் கைவிடாத எண்களுள் ஒன்று 33,330. யூகோஸ்லாவிய விமானப் பணிப்பெண் வெஸ்னா வுலோவிச் பரசூட் இன்றி விழுந்து உயிர்தப்பியதாகக் கின்னஸ் புத்தகம் பதிவுசெய்துள்ள உயரம் அது. மீற்றரில் 10,160. பின்னர் இந்த எண் குறித்தே ஒரு சர்ச்சை எழுந்தது. பௌதிகவியலின் சிறிய விதியொன்று வரலாற்றின் ஒரு சிக்கலை எவ்வளவு தூரம் தெளிவாக்கும் என்பதைக் கலைப் பட்டதாரியான நான் உணர்ந்துகொண்டது அந்தச் சர்ச்சையைப் படித்தபோதுதான்.

1972 ஜனவரி 26 ஆம் திகதி, ஸ்டொக்ஹோமிலிருந்து கொப்பன்ஹேகன், ஸாக்ரெப் வழியாக பெல்கிரேட் செல்லவிருந்த ஜே.ஏ.ரி. நிறுவனத்தின் டி.சி-9 விமானம் செக்கோஸ்லோவாக்கியாவின் வானில் சிதறியது. அதில் இருந்தவர்கள் 28 பேர். கொப்பன்ஹேகனில் பணிக்கு ஏறிய வெஸ்னாவுக்கு அப்போது வயது 22. அதே முதற்பெயர் கொண்ட மற்றொரு பணிப்பெண்ணுக்குரிய முறை, பெயர்க் குழப்பத்தால் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது.

உடைந்த விமானத்தின் ஒரு பகுதி ஸ்ர்ப்ஸ்கா கமெனிட்சே என்ற கிராமத்தின் அருகே, பனி மூடிய காட்டுச் சரிவில் வந்து விழுந்தது. அதற்குள் உணவு வண்டியொன்றினால் நெரிபட்டுக் கிடந்தார் வெஸ்னா. அவரது கூக்குரலைக் கேட்டு ஓடிவந்த கிராமவாசி புரூனோ ஹோன்கே, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். வெஸ்னாவின் மண்டையோடும் முள்ளந்தண்டும் இரு கால்களும் முறிந்திருந்தன. ஏனைய 27 பேரும் இறந்துபோயினர்.

33,330 அடியிலிருந்து விழுந்தவர் எவ்வாறு பிழைத்தார்? உலகம் கேட்ட கேள்வி இதுதான். ஆனால் கேள்வியே சற்றுப் பிசகானது.

விழும் பொருள் விநாடிக்கு விநாடி வேகம் கூடிக்கொண்டே போகும் என்பது கலிலியோ நிறுவிய உண்மை. காற்றில் இது முடிவில்லாமல் தொடராது என்பதையும் 1638 இல் வெளிவந்த தமது நூலில் அவரே எழுதிவைத்தார். வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. தடை பொருளின் நிறைக்குச் சமமாகும் கட்டத்தில் ஆர்முடுகல் நின்றுவிடும். அதன்பின் பொருள் ஒரே வேகத்தில் இறங்கும். இதனை எமது பாடநூல்கள் முடிவு வேகம் என்கின்றன. தமிழகத்தில் முற்றுத் திசைவேகம் என்பர்.

நியூட்டன் இதனைப் பரிசோதனையாகவே நடத்திப் பார்த்தார். 1710 இல் லண்டன் புனித போல் பேராலயத்தின் உச்சியிலிருந்து, 220 அடி உயரத்தில் இருந்து, கண்ணாடிக் கோளங்கள் விழுத்தப்பட்டன. பாதரசம் நிரப்பியவை ஏறத்தாழ 4 விநாடிகளில் தரையைத் தொட்டன. காற்று மட்டும் அடைத்தவற்றுக்கு 8 விநாடிகளுக்கும் மேல் ஆயிற்று. காற்றின் தடை இல்லாவிடின், 2 கிலோமீற்றர் உயர மேகத்திலிருந்து வரும் மழைத்துளி மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் எம் தலையில் இறங்கும். உண்மையில் பெரிய துளியின் வேகமே மணிக்கு 30 கிலோமீற்றர் அளவுதான்.

கைகால்களை விரித்து, முகம் கீழ்நோக்கி விழும் மனிதரின் முடிவு வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர். ஏறத்தாழ 12 விநாடிகளில், 450 மீற்றர் விழுவதற்குள், அந்த வேகத்தை அவர் நெருங்கிவிடுகிறார். அதற்கு மேலே எத்தனை ஆயிரம் மீற்றர் இருந்தாலும் தரையில் மோதும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், மிக உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அங்கே வேகம் கூடுதலாக இருந்து, அடர்ந்த காற்றுக்குள் வர வரக் குறைகிறது.

வெஸ்னா தனியாக விழவில்லை, உடைந்த உடற்பகுதியோடு விழுந்தார். அந்தப் பகுதியின் வேகம் வேறாக இருந்திருக்கும், விதி ஒன்றேதான். ஆகவே, அவரைக் காத்தது எது என்று கேட்டால் உயரத்தை அண்ணாந்து பார்ப்பதில் பயனில்லை. சுற்றியிருந்த உலோகக் கூடு, மரங்கள், சரிவு, பனி ஆகிய கடைசிச் சில மீற்றர்களில் இருந்தவற்றையே பார்க்கவேண்டும். 1944 மார்ச்சில், எரியும் குண்டுவீச்சு விமானத்திலிருந்து பரசூட் இன்றிக் குதித்த பிரித்தானிய வீரர் நிக்கலஸ் அல்கிமேட் 18,000 அடி விழுந்தும் பிழைத்தது பைன் மரக் கிளைகளாலும் பனியாலும்தான். வெஸ்னாவின் விபத்துக்கு ஒரு மாதம் முன்னர், 1971 டிசம்பர் 24 அன்று, பெருவின் வானில் சிதறிய விமானத்திலிருந்து ஆசனத்தோடு விழுந்த 17 வயது யூலியானே கோப்கேயின் வீழ்ச்சியை அமேசன் காடு தாங்கிக்கொண்டது.

இனி அந்தச் சர்ச்சை. 2009 ஜனவரியில் பீற்றர் ஹோர்னுங், பாவெல் தைனர் என்ற இரு ஊடகவியலாளர்கள் புதிய கூற்றொன்றை முன்வைத்தனர். விமானம் உயரத்தில் குண்டால் சிதறவில்லை. செக்கோஸ்லோவாக்கிய விமானப்படையே தவறுதலாக அதனைச் சுமார் 800 மீற்றர் உயரத்தில் சுட்டுவீழ்த்தி உண்மையை மறைத்தது என்பது அவர்கள் வாதம். செக் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் இதனை நிராகரித்தனர். கின்னஸ் பதிவும் மாற்றப்படவில்லை. ஊடகங்களில் பெரும்பாலானவை கேட்ட கேள்வியோ, வெஸ்னாவின் சாதனை பொய்யா என்பதுதான்.

800 மீற்றரும் 10,160 மீற்றரும் காற்றில்லா வெளியில் முற்றிலும் வேறானவை. முதலாவதில் மோதும் வேகம் மணிக்கு 450 கிலோமீற்றர், மற்றதில் 1,600. காற்றில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வெஸ்னா பிழைத்த அற்புதம் எந்த உயரத்திலும் அதே அற்புதம்தான். அந்த உயரம் முக்கியமாவது வேறோர் இடத்தில்: 27 பேரைக் கொன்றவர் யார் என்ற விசாரணையில். முன்பக்கப் பொதி அறையில் வெடித்த குண்டு எனில் பொறுப்பாளி ஒருவர். ஏவுகணை எனில் ஓர் அரசு. குரோஷியத் தீவிரவாதிகள் மீது யூகோஸ்லாவியா சந்தேகம் கொண்டது. ஆயினும் எவரும் கைதுசெய்யப்படவில்லை.

வெஸ்னாவுக்கு வீழ்ச்சியின் நினைவே இருக்கவில்லை. 1985 இல் லண்டனில் போல் மக்கார்ட்னியின் கையால் கின்னஸ் விருதைப் பெற்றார். மிலோசெவிச்சை எதிர்த்ததால் 1990களின் தொடக்கத்தில் வேலை இழந்தார். தம்மை அதிர்ஷ்டசாலி என்று பிறர் அழைப்பதை அவர் ஏற்கவில்லை; தாம் மட்டும் பிழைத்த குற்றவுணர்வு அவரை விட்டு அகலவில்லை. 2016 டிசம்பரில், 66 ஆவது வயதில் பெல்கிரேட்டில் காலமானார். அப்போது வெளியான இரங்கற் செய்திகளிலும் 33,330 அடி தலைப்பில் இருந்தது. மற்ற 27 பேர் ஒரு வரிக்குள் அடங்கிப்போயினர்.