'பாஸ் அவுட்': ஒரு சிரிப்பும் ஒரு சொல்லின் வரலாறும்

அண்மையில் ஒரு நேர்காணலைப் பார்வையாளனாக இருந்து கவனிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர், தாம் பட்டம் பெற்ற ஆண்டைக் குறிப்பிட 'பாஸ்ட் அவுட்' என்றார். தேர்வாளர்களுள் ஒருவர், "மயங்கி விழுந்தீர்களா?" என்று வினவினார். மற்றவர்கள் சிரித்தனர். சிரிப்பின் காரணம் மாணவிக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. அதன்பின் எல்லா வினாக்களுக்கும் ஓரிரு சொற்களிலேயே விடையளித்தார். தாம் செய்த ஆய்வைக்கூட அவரால் விரித்துரைக்க இயலவில்லை. அன்று மாலை விஜயநகரிலுள்ள அறைக்குத் திரும்பியதும் எழுதத் தொடங்கிய குறிப்பே இப்பதிவு.

முதலில் அச்சொல்லைப் பற்றி. படைப்பயிற்சியை நிறைவுசெய்து வெளிவருதல் என்ற பொருளில் 'பாஸ் அவுட்' பிரித்தானிய ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. 1932இல் டேராடூனில் நிறுவப்பெற்ற இந்திய இராணுவக் கல்விக்கழகத்தில் பயிற்சி நிறைவு அணிவகுப்பின் பெயரே 'பாஸிங் அவுட் பரேட்'தான். படைவீரருக்குரிய சொல்லை நம் கல்லூரிகள் பட்டதாரிக்கும் உரியதாக்கிக்கொண்டன. இதில் சிரிப்பதற்கு ஏதுமில்லை.

வினைச்சொல்லுடன் அப், அவுட், ஆஃப் போன்ற இடைச்சொல் சேர்ந்து, உறுப்புகளின் தனிப்பொருளிலிருந்து ஊகிக்க இயலாத பொருளைத் தருமாயின் அதனைச் சொற்றொடர் வினை என்கிறோம். 'கிவ்' என்பது கொடு. 'அப்' என்பது மேலே. 'கிவ் அப்' என்பதோ கைவிடு. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய உறுப்புகள் பெரும்பாலும் வினையின் முன்னொட்டுகளாக நின்றன. இடைக்காலத்தில் அவை வினைக்குப் பின்னே தனிச்சொல்லாக நிற்கும் வழக்கு வலுப்பெற்றது. அதே காலத்தில் பிரெஞ்சு, இலத்தீன் வினைகளும் பெருகி வந்தமையால், ஒரே பொருளுக்கு இருவகை வினைகள் நிலைபெற்றன. ஒத்திவைத்தலைப் பேச்சில் 'புட் ஆஃப்' குறித்தது. அலுவல் நடையில் 'போஸ்ட்போன்' குறித்தது.

1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இக்கூட்டுகளைத் தனித்துச் சுட்டுகிறார். அயல்மொழியாளருக்கு இவையே பெருந்தொல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் இவற்றுக்குரிய ஆங்கிலப் பெயர் அச்சேற 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அதனைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி தந்த பெயர் அது என்றும் எழுதினார். இலக்கணம் இவற்றை எவ்வளவு காலம் ஓரத்தில் வைத்திருந்தது என்பதற்கு இத்தாமதமே சான்று.

1835இல் மெக்காலேயின் குறிப்புரைக்குப் பின் இந்தியாவில் வேரூன்றிய ஆங்கிலக் கல்வி, ஏட்டு ஆங்கிலத்தின் கல்வி. மாணவர் கற்றது மில்டனின் கவிதையும் பர்க்கின் பேருரையும். கற்றபின் எழுதியது மனுவும் தீர்ப்பும் அலுவலகக் கடிதமும். ஆங்கிலேயச் சிறுவன் தாயின் வாயிலிருந்து கேட்டறியும் 'புட் அப் வித்' நம்மவர் செவிக்கு எட்டவில்லை. 'டாலரேட்' முதலில் வந்து சேர்ந்தது. 1907இல் ஜார்ஜ் விட்வொர்த் என்ற ஆட்சிப்பணியாளர், இந்தியர் ஆங்கிலம் எழுதுகையில் செய்யும் மரபுத்தொடர்ப் பிழைகளைத் திரட்டி ஒரு முழுநூலே வெளியிட்டார். சமையலறை ஆங்கிலத்தைக் கற்பிக்காமல் நீதிமன்ற ஆங்கிலத்தைக் கற்பித்துவிட்டு, பின்னர் சமையலறைப் பிழைகளை எண்ணிய செயலாகவே அது எனக்குத் தோன்றுகிறது. இருபதாம் நூற்றாண்டில் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூல் நம் பள்ளிகளின் வேதமாயிற்று. நானும் அதன் பட்டியல்களை நெட்டுருச் செய்தவன்தான். பட்டியல் நினைவில் நின்றது, வாயில் வரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு முயற்சியும் நடந்தது. 1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களில் அடங்கும் 'அடிப்படை ஆங்கில'த்தை வகுத்தபோது வினைகளைப் பதினெட்டாகக் குறைத்தார். வெட்டப்பட்ட வினைகளின் வேலையை 'புட்', 'கெட்', 'கிவ்' ஆகியவை இடைச்சொற்களின் துணையுடன் செய்தன. கணக்கில் இது சுருக்கமே. ஆனால் 'கிவ் அப்' புதுச்சொல்லாகக் கணக்கிடப்படாவிடினும் கற்பவருக்கு அது புதுச்சொல்தான். சொற்றொகை குறைந்தது, சுமை குறையவில்லை.

இனி மைசூருக்கு வருவோம். அந்த நேர்காணல் முடிந்து எழுந்தபோது, சிரிப்பைத் தொடங்கிவைத்த அதே தேர்வாளர் உதவியாளரிடம் கன்னடத்தில், "ஏசி ஆஃப் மாடி" என்றார். தமிழில் நாம் 'ஆஃப் பண்ணுங்கள்' என்போம். 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதில் வினை 'ஸ்விட்ச்'. நம் மொழிகள் அதனைக் கழித்துவிட்டு இடைச்சொல்லை மட்டும் ஏற்று, அதனுடன் தம் சொந்த வினையைச் சேர்த்துக்கொண்டன. பொருளின் உயிர் 'ஆஃப்' என்பதில் இருக்கிறது என்பதை எந்த இலக்கண வகுப்புக்கும் செல்லாத மக்கள் சரியாகக் கண்டுகொண்டனர். வகுப்பறையோ அதே சொல்லைப் பெயருக்கு முன் வரும் உருபாக மட்டுமே கற்பித்து, வினையோடு அதற்குள்ள உறவை மனப்பாடப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டது.

மைசூரில் இதைப் பேசுவதற்கு வேறொரு பொருத்தமும் உண்டு. விஜயநகரை அடுத்த மானசகங்கோத்ரியில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் இ. அண்ணாமலை. இந்திய மொழிகளில் ஆங்கிலம் கலக்கும் முறையைப் பற்றி 1978இல் கட்டுரை எழுதினார். தமிழ் வினைகள் துணைவினை பெற்று விரிவதைப் பற்றி 1985இல் அவருடைய தனிநூல் வெளியாயிற்று. இவ்விரு ஆய்வுப்பொருள்களையும் அருகருகே வைத்து நோக்கினால் தமிழ் மாணவருக்குச் சொற்றொடர் வினை அந்நியமன்று என்பது புலனாகும். 'விட்டுக்கொடு' என்பதில் விடுதலும் இல்லை, கொடுத்தலும் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு இணையான 'கிவ் இன்' என்பதிலும் கொடுத்தல் வினையே அமைந்திருப்பது சுவையானது. கண்டுபிடி, ஏற்றுக்கொள், போட்டுக்கொடு ஆகியவற்றை ஒருவரும் பட்டியலிட்டுக் கற்பதில்லை.

வேறுபாடு வேறோரிடத்தில் உள்ளது. இயக்கத்தின் திசையை ஆங்கிலம் இடைச்சொல்லில் வைக்கிறது. தமிழ் வினையிலேயே வைக்கிறது. நுழை, ஏறு, இறங்கு என்பவற்றில் திசை வினைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மரத்திலிருந்தாயினும் பேருந்திலிருந்தாயினும் நமக்கு ஒரே 'இறங்கு'தான். கன்னடத்தில் 'இளி', தமிழ்ச் செவிக்குச் சற்றுச் சங்கடமான சொல். ஆகவேதான் ஆங்கிலேயர் பேருந்திலிருந்து 'கெட் ஆஃப்' ஆக, நாம் 'கெட் டவுன்' ஆகிறோம். இதனைப் பிழை என்று சிவப்பு மையால் வட்டமிடுவது எளிது. 'இறங்கு' என்பதன் பரப்பை முதலில் காட்டி, அதே பரப்பை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்திருப்பதை அடுத்துக் காட்டினால் மாணவருக்கு இரு மொழிகளும் விளங்கும். இலண்டனில் எது வழங்கும், மைசூரில் எது வழங்கும் என்பதையும் அவர் அறிந்துகொள்ளட்டும். வேலைக்கான நேர்காணலில் அந்த அறிவு தேவைப்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மறுநாள் அம்மாணவிக்கு டேராடூன் செய்தியை எழுதி அனுப்பினேன். தாம் படித்த கல்லூரியின் சான்றிதழ் விண்ணப்பப் படிவத்திலேயே 'பாஸ்ட் அவுட்' என்றுதான் அச்சிட்டிருந்தது என்று பதில் எழுதினார்.