கசூபிக் குன்றின் புல்வேய்ந்த மாளிகை

புல்வேய்ந்த கூரை என்றவுடன் நம்மனோர்க்கு ஏழையின் குடிலே நினைவில் எழும். ஓடு வேய்ந்தவன் செல்வன், மாடி எடுத்தவன் அவனினும் பெருஞ்செல்வன் என்பது ஊர் வழக்கு. இவ்வழக்கு எல்லா நாட்டிற்கும் பொருந்துவதன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் உகாண்டா தேசத்துள் அடங்கிய புகாண்டா இராச்சியத்தின் மன்னர் நால்வர் துயிலும் பேரில்லம் புற்கூரையுடையதே.

கம்பாலா நகரத்தைச் சார்ந்த கசூபி என்னும் குன்றின்மேல் முதலாம் முத்தேசா மன்னர் 1882-ஆம் ஆண்டில் தமக்கு அரண்மனையாக எடுப்பித்தது அம்மாளிகை. 1884-இல் அவர் மாய்ந்தபின் அதனுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் மைந்தர் முவாங்கா, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டுச் சேஷல்ஸ் தீவில் 1903-இல் இறந்தார். அவருடைய எலும்புகள் 1910-இல் ஈண்டுக் கொணரப்பட்டன. தாவுதி சுவா 1939-இலும், இலண்டனில் 1969-இல் உயிர்நீத்த இரண்டாம் முத்தேசா 1971-இலும் இவ்விடம் சேர்ந்தனர். மறைந்த மன்னர்தம் மனைவியர் வழிவந்த மாதர் அங்கே உறைந்து சமாதிகளைப் பேணி வருவது மரபு.

மாளிகை வட்ட வடிவினது. குறுக்களவு ஏறத்தாழ 31 மீட்டர், உயரம் 7.5 மீட்டர். கூரை நிலத்தை அணுகுமளவும் தாழ்ந்திறங்கும். அதன் உட்புறத்தே ஒன்றின்கீழ் ஒன்றாக 52 வளையங்கள் அமைந்துள்ளன. அவை புகாண்டாவின் 52 குலங்களைக் குறிப்பன. ஒரு கூரையின்கீழ் எல்லாக் குலத்தாரும் என்னும் கருத்தைச் சொல்லால் உரையாது, நாணலாலும் புல்லாலும் உரைத்த அறிவை என்னென்பது!

நம் அன்பர்கள் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுளது. கூரை வேயும் உரிமை ங்கேயே என்னும் குலத்தார்க்கு உரியது. மரப்பட்டைத் துணியால் உள்ளே அணிசெய்யும் உரிமை ங்கோ என்னும் சிறுத்தைக் குலத்தார்க்கு உரியது. அப்பட்டை அத்தியினத்து மரமொன்றினின்று உரித்து அடித்துப் பக்குவம் செய்யப்படுவது. குலப்பெருமை செப்பேட்டிலும் மெய்க்கீர்த்தியிலும் மட்டுமே உளதென்று தேடியலையும் நம்மிற் சிலர், கைத்தொழிலையே பட்டயமாகக் கொண்ட அவ்விரு குலங்களையும் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

தமிழில் ‘வேய்’ என்பது மூங்கிலுக்கும் பெயர், கூரையிடுதற்கும் வினை. எந்நாட்டிலும் வேய்தற்குரிய பொருள் மட்கும் இயல்பினது. ஆதலின் அடிக்கடி புதுக்கப்படல் வேண்டும். கற்றளி நூறாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் பிழைக்கும். புற்கூரையோ ஒரு தலைமுறை தவறினும் அழியும். அதனுடன், புல்லைத் தேர்ந்து கட்டும் கையறிவும் அழியும். தகரமும் காரைக்கட்டும் மலிந்த காலத்தில் இளைஞர் அத்தொழிலை நாடாமை எங்கணும் உள்ள குறையே.

உலகெங்கும் மரபுச்சின்னப் பேச்சு மிகுந்தது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை 2001-இல் கசூபியை உலக மரபுச்சின்னமாக ஏற்றது. ஒன்பதாண்டு கழிந்து, 2010-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் இரவு தீப்பற்றி மாளிகை எரிந்தது. புல்லும் நாணலும் பட்டைத் துணியும் ஆகிய அதனைத் தீயினின்று காத்தல் எளிதோ? மக்கள் ஆற்றொணாத் துயருற்றனர். அவ்வாண்டே அவ்விடம் அழிவுறு நிலையிலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மீண்டும் எழுப்புதற்கு 13 ஆண்டுகள் சென்றன. காலம் மிகுதியென்று குறைகூறுவாரும் உளர். எனக்கோ அது குறையாகத் தோன்றவில்லை. கூலிக்கு ஆள்பிடித்து ஓராண்டில் முடித்திருத்தல் கூடும். ஆயின் அது மன்னர் மாளிகையின் உருவப்படமாக இருக்குமேயன்றி மாளிகையாகாது. சடங்குகள் வழுவாமல் நிகழ்த்தல் வேண்டும். முதியோரின் கைப்பழக்கம் இளையோரிடம் சேர்தல் வேண்டும். தீத்தடுப்பு அமைப்புகளுக்கு ஜப்பான் தேசம் பொருளுதவி புரிந்தது. புற்கூரை காக்கும் அருமையை அத்தேசத்தார் தம் சிற்றூர்களிலேயே நன்கறிவர்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் அழிவுப் பட்டியலினின்று கசூபி நீக்கப்பட்டது. புதுக் கூரையினுள்ளும் 52 வளையங்கள் உள.