டொராண்டோ ராப்டர்ஸ்: 2018–19 சாம்பியன் பட்ட சீசன்

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த தொழில்முறைக் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ், 2018–19 சீசனில் வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் சாம்பியன் பட்டம் வென்றது. 2019 ஜூன் 13 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் நடந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், நடப்புச் சாம்பியனான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 114–110 என்று வீழ்த்தித் தொடரை 4–2 எனக் கைப்பற்றியது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணியிடம் இந்தக் கோப்பை போய்ச் சேர்ந்தது அதுவே முதல் முறை.

கவாய் லெனார்ட் என்ற ஒருவரின் கதையாகவே, அதிலும் அவர் எறிந்த ஒரு பந்தின் கதையாகவே, இந்த வெற்றி பலர் நினைவில் தங்கியிருக்கிறது. அவர் இல்லாமல் பட்டம் இல்லை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சீசனை முதலிலிருந்து பார்த்து வந்தால், மற்ற அணிகள் வேண்டாமென்று விட்டவர்களையும் குறைத்து மதிப்பிட்டவர்களையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வளர்த்ததன் பலன் அதே அளவுக்குப் பெரியது என்பது புரியும்.

பின்னணி

கூடைப்பந்துக்கும் கனடாவுக்கும் பழைய உறவு உண்டு. 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்டாரியோ மாகாணத்தின் ஆல்மான்ட் என்ற ஊரில் பிறந்தவர். என்.பி.ஏ. தன் முதல் ஆட்டமாகக் கணக்கில் வைத்திருப்பதும் டொராண்டோவில் நடந்ததுதான். 1946 நவம்பர் 1 அன்று மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் டொராண்டோ ஹஸ்கீஸ் அணி நியூயார்க் நிக்ஸிடம் 66–68 என்று தோற்றது. ஹஸ்கீஸ் ஒரே சீசனில் கலைந்துபோனது. ஐஸ் ஹாக்கியே உயிராக இருந்த அந்த நகரத்துக்கு, அதன் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு என்.பி.ஏ. அணி கிடையாது.

1995இல் ராப்டர்ஸும் வான்கூவர் கிரிஸ்லீஸும் சேர்ந்தாற்போல் லீகில் நுழைந்தன. கிரிஸ்லீஸ் 2001இல் மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தது. கனடாவின் ஒரே அணியாக ராப்டர்ஸ் மிஞ்சியது. முதல் சீசனில் 82 ஆட்டங்களில் 21 வெற்றிதான். 1998இல் வந்த வின்ஸ் கார்ட்டர் அந்த அணியை உலகம் கவனிக்கும்படி செய்தார். 2001 மே மாதம், கிழக்குப் பிரிவு அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் பிலடெல்பியாவுக்கு எதிராக அவர் மூலையிலிருந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ராப்டர்ஸ் 87–88 என்று ஒரு புள்ளியில் தோற்றது. 2004இல் கார்ட்டர் போனார். 2010இல் கிறிஸ் பாஷும் போனார். பெரிய ஆட்டக்காரர் யாரும் இந்தக் குளிர் நாட்டில் தங்கமாட்டார்கள் என்ற பேச்சு நிலைபெற்றது.

நைஜீரியாவின் சாரியாவில் வளர்ந்த மசாய் உஜிரி 2013இல் நிர்வாகப் பொறுப்பேற்ற பிறகு அணி மெல்ல நிமிர்ந்தது. டெமார் டிரோசனும் கைல் லௌரியும் அதன் இரு தூண்கள். களத்துக்கு வெளியிலும் இணைபிரியாத நண்பர்கள். ஆண்டுதோறும், லீக் சுற்றுக்குப் பிறகு நடக்கும் பிளேஆஃபுக்குப் போனார்கள். ஆனால் 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணி வழிமறித்தது. கடைசி இரண்டு முறையும் 0–4. லீக் சுற்றில் 59 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த 2017–18 சீசனும் அப்படித்தான் முடிந்தது.

2018 கோடை

அந்தத் தோல்விக்குச் சில நாட்களில் தலைமைப் பயிற்சியாளர் டுவேன் கேசி நீக்கப்பட்டார். வேலை போன பிறகு, ஜூன் மாதம், அதே சீசனுக்காக லீகின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய உதவியாளர் நிக் நர்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். அயோவாவில் பிறந்தவர், பிரிட்டிஷ் லீகிலும் என்.பி.ஏ.வின் துணை லீகிலும் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர். துணை லீகில் இரண்டு வெவ்வேறு அணிகளுக்குப் பட்டம் வாங்கித் தந்திருந்தாலும், என்.பி.ஏ.வில் தலைமைப் பொறுப்பு இதுவே முதல் முறை.

ஜூலை 18 அன்று உஜிரி இன்னும் பெரிய காரியத்தைச் செய்தார். ஒன்பது சீசன் ஆடிய டிரோசனையும் இளம் ஆட்டக்காரர் ஜாகோப் பர்ட்லையும், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2019ஆம் ஆண்டுக்கான முதல் சுற்று வாய்ப்பு ஒன்றையும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்து, கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினார். லெனார்ட் 2014 இறுதித் தொடரின் நாயகன். ஆனால் முந்தைய சீசனில் தொடைத் தசைக் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். அதோடு, ஓராண்டில் அவர் விரும்பிய அணிக்குப் போய்விடலாம். குணமாவாரா என்றும் தெரியாது, தங்குவாரா என்றும் தெரியாது.

மற்ற நட்சத்திரங்கள் கிளம்பிய நகரத்திலேயே இருப்பேன் என்று சொல்லி இருந்தவர் டிரோசன். அவருக்கு இது ஆறாத காயம். சரியாகப் பேசாமல் போனதற்காக உஜிரி பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கணக்குப்படி பார்த்தால் அந்தப் பரிமாற்றம் சரி. விசுவாசத்தின் கணக்கில் அதற்கு ஒரு விலை இருந்தது. பட்டத்தைக் கொண்டாடும்போது அந்த விலையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

லீக் சுற்று

ராப்டர்ஸ் 58 வெற்றி, 24 தோல்வியுடன் கிழக்குப் பிரிவில் மில்வாக்கிக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. லெனார்ட் 60 ஆட்டங்களே ஆடினார். அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம் வந்தால் இரண்டில் ஒன்றில் அவருக்கு ஓய்வு. விளையாட்டு அறிவியல் பிரிவை நடத்திய அலெக்ஸ் மெக்கெக்னியும் குழுவினரும் அவர் உடலை ஜூன் மாதத்துக்காகப் பாதுகாத்தார்கள். காசு கொடுத்து வந்த ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை என்ற குறை அப்போது எழுந்தது. பிளேஆஃபில் அவர் ஆடியதைப் பார்த்த பிறகு அந்தக் குறையைச் சொன்னவர்கள் குறைவு. ஆடிய ஆட்டங்களில் அவர் சராசரி 26.6 புள்ளி.

அவர் இல்லாத 22 ஆட்டங்களில் 17ஐ அணி வென்றது. இந்த ஓர் எண்ணே மற்றவர்களின் தரத்தைச் சொல்லிவிடும். பாஸ்கல் சியாக்கம் கேமரூனின் டுவாலாவைச் சேர்ந்தவர். பாதிரியாராக வேண்டும் என்று பாஃபியா ஊரின் செமினரியில் படிக்க வைக்கப்பட்டவர். பதின்வயதின் பிற்பகுதியில்தான் பந்தை ஒழுங்காகத் தொட்டார். 2016 டிராஃப்டில் 27ஆவது ஆளாக எடுக்கப்பட்ட அவர், இந்த சீசனில் லீகிலேயே அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் விருதை வென்றார். அதே 2016 டிராஃப்டில் அழைக்கப்பட்ட 60 பெயர்களில் ஃப்ரெட் வான்வ்லீட்டின் பெயர் இல்லை; எந்த அணியும் எடுக்காத அவரும் இந்த அணியில் இருந்தார். காங்கோ குடியரசின் பிரசாவில்லைச் சேர்ந்த செர்ஜ் இபாகா அனுபவத்தைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 7 அன்று யோனாஸ் வலன்சியூனஸ் உள்பட மூவரைக் கொடுத்து, ஸ்பெயின்காரரான மார்க் கசோலை மெம்ஃபிஸிடமிருந்து வாங்கினார்கள். உயரமான எதிரிகளைத் தடுக்கும் கலையில் கைதேர்ந்தவர் அவர்.

பிப்ரவரி 22 அன்று டிரோசன் எதிரணிச் சட்டையில் டொராண்டோவுக்கு வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவர் கையிலிருந்தே பந்தைப் பறித்து ஓடி வளையத்தில் திணித்தார் லெனார்ட். ராப்டர்ஸ் 120–117 என்று வென்றது.

பிளேஆஃப்

ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஆர்லாண்டோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் சொந்த மண்ணிலேயே 101–104 என்று தோல்வி. லௌரி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பழைய ராப்டர்ஸ்தானே என்று பலரும் முணுமுணுத்தார்கள். அடுத்த நான்கையும் வென்று அணி முன்னேறியது.

பிலடெல்பியாவுடனான இரண்டாம் சுற்று ஏழாவது ஆட்டம்வரை போனது. மே 12. ஆட்டம் முடிய 4.2 நொடி இருக்கும்போது ஜிம்மி பட்லர் பந்தைக் கூடையில் போட, 90–90 என்று சமநிலை. கசோல் பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே கொடுக்க, லெனார்ட் அதை வாங்கி வலப்பக்க மூலையை நோக்கி ஓடினார். ஏழடி உயர ஜோயல் எம்பீட் கையை நீட்டிக்கொண்டு கூடவே ஓடினார். அந்தக் கைக்கு மேலாகப் பந்து போக வேண்டியிருந்ததால் எறிதல் வழக்கத்தைவிட மிக உயரமாகப் போனது. நேரம் முடிந்த ஒலி எழுந்தபோது பந்து காற்றில் இருந்தது. வளையத்தில் நான்கு முறை துள்ளியது. பிறகு உள்ளே விழுந்தது. 92–90. என்.பி.ஏ. வரலாற்றில் ஓர் ஏழாவது ஆட்டம் கடைசி ஒலியுடன் விழுந்த கூடையால் முடிந்தது அதுவே முதல் முறை. அன்று லெனார்ட் எடுத்தது 41 புள்ளி. அதற்காக 39 முறை எறிந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அதே அணிக்கு எதிராக, அதே ஏழாவது ஆட்டத்தில், கார்ட்டருக்கு விழாத பந்து இது.

ஆனாலும், பட்டம் உண்மையில் திரும்பிய இடம் அடுத்த சுற்றின் மூன்றாவது ஆட்டம் என்றே சொல்ல வேண்டும். மில்வாக்கி முதல் இரண்டையும் வென்றிருந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரரான யானிஸ் அண்டெடகும்போவை யாராலும் நிறுத்த முடியவில்லை. நர்ஸ் லெனார்டையே அவருக்கு எதிரே நிறுத்தினார்; பின்னால் கசோலும் மற்றவர்களும் சுவராக நின்றார்கள். இரண்டு கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் அண்டெடகும்போ 12 புள்ளியோடு முடங்கினார். லெனார்ட் 52 நிமிடம் ஆடி 36 புள்ளி எடுத்தார். 118–112. அடுத்த மூன்று ஆட்டங்களும் டொராண்டோவுக்கே. அதுவரை எறிந்ததெல்லாம் தவறிக்கொண்டிருந்த வான்வ்லீட்டுக்கு மே 20 அன்று மகன் பிறந்தான். அதன் பிறகான மூன்று ஆட்டங்களில் 17 மூன்று-புள்ளி எறிதல்களில் 14ஐக் கூடையில் சேர்த்தார்.

இறுதித் தொடர்

வாரியர்ஸ் முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்று பட்டம் வென்ற அணி. அதன் ஆட்டக்காரர் கெவின் டுரான்ட் கெண்டைக்கால் காயத்தால் ஒதுங்கியிருந்தார். மே 30 அன்று கனடா மண்ணில் நடந்த முதல் இறுதித் தொடர் ஆட்டத்தில் சியாக்கம் 17 முறை எறிந்து 14ஐப் போட்டு 32 புள்ளி எடுத்தார், 118–109. இரண்டாவது ஆட்டம் வாரியர்ஸுக்கு. அதன் இறுதிப் பகுதியில் நர்ஸ், பள்ளி ஆட்டங்களில் மட்டும் காணக்கூடிய ஒரு தடுப்பு முறையைக் கையிலெடுத்தார்: ஸ்டெஃப் கரியை வான்வ்லீட் நிழல்போல் தொடர, மற்ற நால்வரும் சதுரமாக நின்று வளையத்தைக் காப்பது. உலகின் தலைசிறந்த லீகின் இறுதித் தொடரில் அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். ஓக்லாந்தில் மூன்றாவது ஆட்டத்தில் கரி 47 புள்ளி எடுத்தும் ராப்டர்ஸ் 123–109 என்று வென்றது. நான்காவதையும் வென்று 3–1 என முன்னேறியது.

ஐந்தாவது ஆட்டத்தில் டுரான்ட் திரும்பி வந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் 11 புள்ளி எடுத்தவர் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். அரங்கத்தின் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. லௌரியும் இபாகாவும் டேனி கிரீனும் கூட்டத்தை நோக்கிக் கையசைத்து அடக்கினார்கள். எதிரி காயப்பட்டு விழுந்தபோது சொந்த ரசிகர்களைக் கண்டித்த அந்தக் கணத்துக்கு இந்த சீசனின் எந்தக் கூடையையும்விடக் குறைந்த மதிப்பு இல்லை. ஆட்டம் 105–106 என்று ஒரு புள்ளியில் கைநழுவியது. லௌரியின் கடைசி எறிதலை டிரேமண்ட் கிரீன் விரலால் தட்டிவிட்டார்.

ஆறாவது ஆட்டத்தின் முதல் எட்டுப் புள்ளிகளையும் லௌரியே எடுத்தார். பிளேஆஃபில் சோடைபோகிறவர் என்று ஆண்டுக்கணக்கில் கேலி பேசப்பட்டவர் அவர். அன்று அவர் கணக்கு 26 புள்ளி, 10 அசிஸ்ட், 7 ரீபவுண்ட். சியாக்கம் 26, வான்வ்லீட் 22, அதில் 12 கடைசிக் கால் பகுதியில். வாரியர்ஸின் கிளே தாம்சன் 28 புள்ளி எடுத்திருந்த நிலையில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் காலோடு திரும்பி வந்து இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுப் போனார். ராப்டர்ஸ் 111–110 என்று ஒரே புள்ளி முன்னே இருக்க, கரியின் மூன்று-புள்ளி எறிதல் தவறியது. தரையில் பந்துக்காக நடந்த தள்ளுமுள்ளில், கைவசம் இல்லாத டைம் அவுட்டை வாரியர்ஸ் கேட்டுவிட, அதற்குத் தண்டனை வந்தது. மீதி 0.9 நொடி. லெனார்ட் மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். தொடர் நாயகன் விருது அவருக்கே. அந்த பிளேஆஃபில் அவர் எடுத்த மொத்தம் 732 புள்ளி.

கொண்டாட்டமும் பிறகும்

டொராண்டோ அரங்கத்துக்கு வெளியே ரசிகர்கள் கூடிப் பெரிய திரையில் ஆட்டம் பார்க்கும் சதுக்கத்துக்கு ஜுராசிக் பார்க் என்று பெயர். அந்த ஜூனில் கனடாவின் பல நகரங்களில் அப்படிப்பட்ட சதுக்கங்கள் முளைத்தன. ஆறாவது ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 77 லட்சம் பேர் பார்த்தார்கள். ஹாக்கி ஆடக் காலணி, கவசம், பனித்தளம் என்று செலவு ஏராளம்; கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் தெருமுனையில் ஒரு வளையமும் போதும். அதனால் குடியேறிகளின் பிள்ளைகள் இந்த ஆட்டத்தோடு எளிதில் ஒட்டிக்கொண்டார்கள். இலங்கைத் தமிழர் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவும் மார்க்கமும் இந்த அணியின் சொந்த வட்டாரம்தான். 1984இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த சீக்கியர் நவ் பாட்டியா 1995 முதல் வளையத்தருகே உட்கார்ந்து அணியை உற்சாகப்படுத்தி வந்தவர். ஆட்டக்காரர்களுக்குத் தந்த சாம்பியன் மோதிரத்தை நிர்வாகம் அவருக்கும் தந்தது.

ஜூன் 17 அன்று நடந்த ஊர்வலத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் காயமடைந்தார்கள்.

ஜூலையில் லெனார்ட் தன் சொந்த ஊர்ப் பக்கமான லாஸ் ஏஞ்சலஸுக்கு, கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். அவர் இல்லாமலே அடுத்த சீசனில் ராப்டர்ஸ் 53 வெற்றி, 19 தோல்வி என்று ஆடியது. நர்ஸுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது. பெருந்தொற்றால் சுருங்கிய அந்த சீசனின் இரண்டாம் சுற்றில் பாஸ்டனிடம் ஏழு ஆட்டங்களில் தோற்று வெளியேறியது. 2021இல் லௌரி மயாமிக்கும், 2023இல் வான்வ்லீட் ஹூஸ்டனுக்கும், 2024 ஜனவரியில் சியாக்கம் இண்டியானாவுக்கும் போனார்கள். நர்ஸ் 2023இல் நீக்கப்பட்டார். உஜிரியின் பொறுப்பும் 2025இல் முடிவுக்கு வந்தது. பட்டம் வென்ற குழுவில் அதன் பிறகும் டொராண்டோவில் எஞ்சியிருந்தவர், செயின்ட் லூசியாவில் பிறந்து மான்ட்ரியலில் வளர்ந்த கிறிஸ் பூஷே. அதே 2025 கோடையில் அவரும் பாஸ்டனுக்குப் போனார்.