ஸ்கஸி: ஒரு கார்டின் கதை

பழைய சர்வர் ஒன்றின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டின்மீது வரிசையாகச் சில கார்டுகள் நின்றுகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் தட்டையாக, ரிப்பன் மாதிரி ஒரு கேபிள் கிளம்பி, நாலைந்து ஹார்ட் டிஸ்க்குகளைத் தொட்டுக்கொண்டே போகும். அந்தக் கார்டுக்கு ஸ்கஸி ஹோஸ்ட் அடாப்டர் என்று பெயர். பெயர்தான் மிரட்டும். செய்வது மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம்.

மொழிபெயர்ப்புக்கு என்ன அவசியம்?

ஹார்ட் டிஸ்க்கை முதலில் செய்து விற்றது ஐ.பி.எம். வருடம் 1956. இருபத்திநாலு அங்குல விட்டத்தில் ஐம்பது தட்டுகள், கிட்டத்தட்ட ஒரு டன் எடை. கொள்ளளவு? ஐம்பது லட்சம் எழுத்துகள். அவ்வளவேதான். அதன்பிறகு ஆளாளுக்கு டிஸ்க் செய்ய ஆரம்பித்தார்கள். எத்தனை தட்டு, எத்தனை தலை, எத்தனை வட்டம் என்று ஒவ்வொன்றின் உள் அமைப்பும் வேறு. எந்தத் தலையை எந்த வட்டத்துக்கு நகர்த்த வேண்டுமென்று கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து சொல்லியாகவேண்டும். டிஸ்க்கை மாற்றினால் கன்ட்ரோலரை மாற்று, மென்பொருளை மாற்று. பி.காம். படித்த என்னைக் கேட்டால், வாடிக்கையாளரை வெளியே போகவிடாமல் கட்டிப்போட இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன்.

இந்த இடத்தில்தான் ஆலன் ஷூகார்ட் வருகிறார்.

1951-ல் கல்லூரி முடித்த கையோடு ஐ.பி.எம்.மில் சேர்ந்தவர். 1969-ல் விலகி மெமோரெக்ஸுக்குப் போனார். போகும்போது ஐ.பி.எம். என்ஜினியர்களில் ஒரு பெரிய கூட்டத்தையும் கூடவே ஓட்டிக்கொண்டு போனார். 1973-ல் சொந்தக் கம்பெனி, ஷூகார்ட் அசோசியேட்ஸ். மறுவருடமே பணம் போட்டவர்களோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தார். சொந்தப் பெயர் கொண்ட கம்பெனியிலிருந்து! கொஞ்சகாலம் கலிபோர்னியாவில் மதுக்கடை நடத்தினார். படகு வாங்கி சால்மன் மீன் பிடித்தார். கம்பெனியை 1977-ல் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டது.

முதலாளி மீன் பிடித்துக்கொண்டிருக்க, அவர் பெயர் தாங்கிய கம்பெனியில் லாரி பௌச்சர் என்கிற என்ஜினியரும் சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். டிஸ்க்கின் உள் விவகாரம் கம்ப்யூட்டருக்கு எதற்கு? "இத்தனாம் நம்பர் துண்டைக் கொடு" என்று கேட்டால் போதாதா? எடுத்துக் கொடுப்பது டிஸ்க் பக்கத்துக் கன்ட்ரோலரின் பொறுப்பு. திட்டத்தின் பெயர் ஸாஸி. விரித்தால், ஷூகார்ட் அசோசியேட்ஸ் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்.

இது எல்லாருக்குமான பொதுமொழி ஆக வேண்டுமென்றால் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு முத்திரை குத்தவேண்டும். ஒரு கம்பெனியின் பெயரைத் தரத்துக்கு வைக்க அங்கே இடமில்லை. ஆக, ஷூகார்ட் போனார். "ஸ்மால் கம்ப்யூட்டர்" வந்தது. எஸ்.சி.எஸ்.ஐ. இதைச் செல்லமாக "செக்ஸி" என்று உச்சரிக்கவேண்டுமென்று பௌச்சர் ஆசைப்பட்டார். உலகம் "ஸ்கஸி" என்றது. அழுக்குப்பிடித்தது என்று அர்த்தம். பௌச்சர் அதற்குள் வெளியே வந்து 1981-ல் அடாப்டெக் என்று கம்பெனி ஆரம்பித்திருந்தார். விற்றது? இந்தக் கார்டுகளைத்தான். தரம் அதிகாரபூர்வமாக வெளியானது 1986-ல்.

சரி, கார்டை மாட்டுவது எப்படி?

மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ஸ்லாட்டில் வைத்து அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். கஷ்டம் இனிமேல்தான். ஒரே கேபிளில் எட்டுப் பேர். ஆளுக்கொரு எண், பூஜ்ஜியத்திலிருந்து ஏழு வரை. இரண்டு பேருக்கு ஒரே எண் கொடுத்தீர்களோ, தொலைந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச முற்பட்டால் பெரிய எண்ணுக்கே முதல் மரியாதை. அதனால் ஏழாம் எண் வழக்கமாகக் கார்டுக்கு.

அடுத்து டெர்மினேட்டர். ஷ்வார்ஸ்நேகர் இல்லை. கிணற்றில் கத்தினால் குரல் திரும்பி வருமல்லவா? கேபிளின் நுனியில் மோதும் மின்குறிப்பும் அப்படித் திரும்பி வந்து பேச்சைக் கெடுக்கும். அதை விழுங்க இரண்டு நுனியிலும் ஒரு மின்தடை அமைப்பு. நுனியில் மட்டும். பெட்டிக்குள் மட்டுமே டிஸ்க் இருந்தால் கார்டு ஒரு நுனி. பின்பக்கம் வெளியேயும் ஒரு டிஸ்க்கை மாட்டினால் கார்டு நடுவில் வந்துவிடும். அதன் டெர்மினேட்டரை அணைக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு ராத்திரியெல்லாம் சர்வரோடு மல்லுக்கட்டியவர்கள் உலகம் முழுக்க உண்டு.

ஆனால் பலன் பெரிது. எவன் செய்த டிஸ்க்கானாலும் கோக்கலாம். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்ஸன், கட்ஸ் மூவரும், விலை குறைந்த சின்ன டிஸ்க்குகளை அணிவகுத்து நிறுத்தி ராட்சச டிஸ்க்குகளோடு மோதலாமென்று எழுதினார்கள். ரெய்டு என்பது அதுதான். அவர்கள் கைகாட்டிய சின்ன டிஸ்க், ஸ்கஸி பேசுகிற டிஸ்க்.

ரிப்பன் கேபிள் பின்னால் வழக்கொழிந்தது. மெல்லிய கேபிளும் எஸ்.ஏ.எஸ். கார்டும் வந்தன. அதிவேக எஸ்.எஸ்.டி.க்களுக்கு இன்று என்.வி.எம்.இ. என்று வேறு மொழியே இருக்கிறது. ஆனாலும் ஸ்கஸி ஆணைகள் போய்விடவில்லை. உங்கள் பென் டிரைவைச் செருகியதும் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கிறதே, அது ஸ்கஸி ஆணை. பல ஸ்மார்ட்போன்களின் உள்ளேயும் இதே பேச்சுதான்.

ஷூகார்ட்? 1979-ல் மீண்டும் வந்து ஒரு கம்பெனி தொடங்கினார். ஷூகார்ட் டெக்னாலஜி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஜெராக்ஸ் கையில் அல்லவா இருக்கிறது? வழக்கு வம்பு வேண்டாமென்று மாற்றிக்கொண்டார். சீகேட்.