ஏறுவது ஒரு வழி, இறங்குவது மறுவழி

சேலத்திற்கு வடக்கே எழுந்து நிற்கும், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் பாதைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வாகன நெரிசல் என்னும் நவீன உபத்திரவம் எவ்வாறு பிறந்தது என்பதையும், அதை அடக்க மனிதன் கையாண்ட உபாயங்கள் எவை என்பதையும் அறிய விரும்புவோர் அதை ஒருமுறை நோக்குதல் நலம்.

தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிவரும், மலையாளி எனப்படும் இம்மலைவாழ் மக்கள், மாரமங்கலம் முதலான ஊர்களுக்கிடையே தலைச்சுமையோடு நடந்த ஒற்றையடிப் பாதைகளில், எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்க ஓரடி நிலம் இருந்தால் அதுவே போதுமானதாக இருந்தது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாகி, 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய பிறகோ, தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின. விளைந்த கொட்டையைச் சமவெளிக்கு இறக்கவேண்டிய அவசியம், சக்கரம் உருளும் சாலையை வேண்டி நின்றது.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் இன்றைய மலைச்சாலையில், ஒரு பேருந்து திரும்புவதற்கு வளைவின் அகலம் முழுவதும் தேவைப்படுகிறது. சரிவில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புதல் கடினமாதலால், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிடவேண்டும் என்பதே மலைச்சாலையின் ஆதி தர்மம். நகரத்தைப் போல இங்கே சாலையை அகலப்படுத்துவதும் எளிதன்று. மேற்புறம் பாறையை வெட்டினால் சரிவு தளர்ந்து மழைக்காலத்தில் மண் சரிகிறது, கீழ்ப்புறமோ பள்ளத்திலிருந்து தாங்குசுவர் எழுப்பியாகவேண்டும்.

ஆகவே, நிலம் மறுத்ததை நியமத்தால் பெற முயன்றார்கள். மே மாத ஏற்காட்டுக் கோடை விழாவின்போது வாகனங்கள் அடிவாரச் சாலை வழியே ஏறி, குப்பனூர்ச் சாலை வழியே இறங்கவேண்டும் என்ற ஏற்பாடு, ஒரு கல்லையும் பெயர்க்காமல் இரண்டு குறுகிய சாலைகளை ஒரு பெரிய சாலையாக்கிவிடுகிறது. நீலகிரியிலும் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும் இவ்வழக்கம் உண்டு. அதுவும் போதாதபோது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்பதிவு செய்து பெறவேண்டிய இ-பாஸ் முறை வந்தது. நெரிசல் வேளையில் நகர மையத்துள் நுழையும் கார்களுக்கு 1975-லேயே கட்டணம் விதித்த சிங்கப்பூரும், சாலையைப் பெருக்குவதைவிட வாகனத்தைக் குறைப்பதே மார்க்கம் என்று கண்டதன்றோ?

ஆயினும் இந்நியமங்களை வகுப்போர் ஒன்றைக் கருத்திற்கொள்ளவேண்டும். விருந்தாளிக்கு இச்சாலை உல்லாசத்திற்குரியது. மாரமங்கலத்தாருக்கோ ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் செல்லும் வழி. நீலகிரியில் உள்ளூர் வாகனங்களுக்கு இ-பாஸிலிருந்து விலக்களித்ததன் நியாயம் இதுவே; ஏற்காட்டிலும் எவ்விதக் கட்டுப்பாடு வந்தாலும், மலையில் வாழ்பவருக்குரிய இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதையே வந்து போகிறவர்களுக்குப் பங்கிடுதல் முறையாகும்.